தோட்டத்துக் கிராணியார் எப்படிக் கெட்டுப்போகிறார்: தொலைக்காட்சி நாடகம் எழுதுவோருக்குச் சில வழிமுறைகள்

நம்முடைய நாடகங்களில் தீயவர் வாசற்படியைத் தாண்டும்போதே பின்னணி இசை அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதன்பிறகு அவர் கெட்டுப்போவதற்கு எதுவும் மிச்சமில்லை. நல்லவராக அறிமுகமாகும் ஒருவர் பார்வையாளரின் கண்ணெதிரே மாறுவதை எழுத விரும்பினால், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தையும், கோயில் திருவிழாக் கணக்கைக்கூட நம்பி ஒப்படைக்கக்கூடிய ஒரு செம்பனைத் தோட்டக் கிராணியாரையும் (எண்ணெய்ப்பனைக் குலைகளை எண்ணிக் கூலிக் கணக்கு எழுதும் எழுத்தர்) எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தவற்றை இரக்கத்திலிருந்து தொடங்குங்கள். காய்ச்சலில் படுத்துவிட்ட பழைய தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்துக் காசு கட்ட வேண்டியிருக்கிறது. வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் வெட்டிய குலைகளில் ஐந்தைக் கிராணியார் அந்த நோயாளியின் பெயரில் எழுதிவிடுகிறார். இந்த இடத்தில் பார்வையாளரும் தலையாட்ட வேண்டும்.

அடுத்த படிகள் சிறியனவாக இருக்கட்டும். 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையில், தவறாகப் பதில் சொல்பவருக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் மின்னதிர்ச்சி கொடுக்கும்படி பங்கேற்பாளரிடம் சொல்லப்பட்டது. அதற்கான கருவியில் 15 வோல்ட் முதல் 450 வோல்ட் வரை 30 விசைகள் இருந்தன. அதிர்ச்சி வெறும் நடிப்பு என்பதை அறியாத 40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை அழுத்தினார்கள். எழுதுபவர் கவனிக்க வேண்டியது அந்த 15 வோல்ட் இடைவெளியைத்தான். முந்தைய விசை சரியென்றால், சற்றே கூடிய அடுத்த விசையை மறுக்கக் காரணம் கிடைப்பதில்லை. ஆகவே ஐந்து குலை பத்தாகட்டும். நோயாளி எழுந்து வேலைக்கு வந்த பிறகும் அந்தக் கணக்கு நிற்காமல், கூடுதல் கூலியில் பாதி கிராணியாரிடமே திரும்பட்டும். வங்காளதேசத் தொழிலாளி கேள்வி கேட்கத் தொடங்கியதும், தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து, “பத்திரமாக இருக்கட்டும், தம்பி” என்று அவருடைய கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) கிராணியார் வாங்கிக்கொள்கிறார். மேசை இழுப்பறைக்குள் மைப்பெட்டிக்கும் முத்திரைக்கும் நடுவில், ரப்பர் வளையம் போட்ட அந்தப் பச்சை அட்டையை அருகிலிருந்து காட்டுங்கள். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்துவைப்பது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பது கிராணியாருக்குத் தெரியாததல்ல.

பிறகு திரும்பி வர ஒரு வழியைத் திறந்துவிடுங்கள். நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 2008 முதல் 2013 வரை 62 அத்தியாயங்களாக வந்த ‘பிரேக்கிங் பேட்’ தொடரில், புற்றுநோய் கண்ட வேதியியல் ஆசிரியரின் சிகிச்சைச் செலவை ஏற்கப் பழைய நண்பர்கள் முன்வந்தும் அவர் மறுத்துவிடுகிறார். அவரைத் தள்ளியது பணமுடை என்று அதுவரை நம்பியிருந்த நாம், அந்த மறுப்பில்தான் அவருடைய அகந்தையைக் காண்கிறோம். நம் கிராணியாரிடமும் மேலாளர் குலைக் கணக்கு ஏட்டை நீட்டி, “எழுத்துப் பிழையா?” என்று கேட்கட்டும். ஆமாம் என்று திருத்திக் கொடுத்தால் போதும். அவரோ பழியை வங்காளதேசத் தொழிலாளியின் தலையில் போடுகிறார். இதற்கு முன்போ பின்போ குடிகாரத் தகப்பன், பட்டினி கிடந்த பிள்ளைப்பருவம் என்று பழைய கதை எதையும் செருகாதீர்கள். அது அவருக்காக நீங்கள் எழுதித்தரும் மன்னிப்புச் சீட்டாகிவிடும்.

பாதிக்கப்பட்டவருக்கும் தனியாக ஒரு காட்சி தேவை. ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நிற்கும் அவர், ரிங்கிட் தாள்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு வரிசையை விட்டு விலகுகிறார். வசனம் வேண்டாம். அந்த நேரத்தில் கிராணியார் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே போகட்டும். வழக்கம்போல் அவரைப் பார்த்துக் கையசைக்கட்டும்.