முடித்துவைத்த சாதிக் கொலை வழக்கை மீண்டும் திறப்பது எப்படி

கொலைக்குக் காலவரம்பு கிடையாது. கிணற்றிலோ தண்டவாளத்திலோ கிடந்த உடலுக்குத் ‘தற்கொலை’ என்று எழுதி முப்பது வருசத்துக்கு முன்பே கோப்பைக் கட்டிவைத்திருந்தாலும், இன்றைக்கும் புகார் கொடுக்கலாம். எந்த வாசலுக்குப் போவது என்பது மட்டும், அன்றைக்கு வழக்கு எப்படி முடிந்தது என்பதைப் பொறுத்தது. அது தெரியாமல் மனு எழுத உட்காராதீர்கள்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-இல் சந்தேக மரணம் என்று மட்டும் முடித்திருந்தால், கொலை வழக்கே பதியப்படவில்லை. புதிய புகார் கொடுங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், பிறகு நீதிமன்றம். கொலை வழக்குப் பதிந்து ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று மூடியிருந்தால் மேல்விசாரணை கேட்க வேண்டும்; அந்தப் பழைய சட்டத்தில் 173(8), அதற்குப் பதிலாக வந்த இப்போதைய சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்) 193(9). அப்படி மூடும்போது புகார்தாரருக்கு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்ததா என்று குடும்பத்தாரிடம் கேளுங்கள். வரவில்லையென்றால் மனுவின் முதல் பத்தியே அதுதான்.

விடுதலையாகிவிட்டால் நிலைமை வேறு. அதே ஆளை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. அமெரிக்காவில் எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனைக் கொன்ற இருவர் 1955-இல் விடுதலையாகி, மறு வருசமே பத்திரிகையில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். சட்டத்தால் அவர்களைத் தொட முடியவில்லை. அதே நாட்டில் மெட்கர் எவர்ஸ் என்ற கறுப்பின உரிமைத் தலைவரின் கொலையில் 1964-இல் இரண்டு ஜூரிகளும் முடிவுக்கு வராமல் கலைந்தன. அது விடுதலை ஆகாது என்பதால்தான் 1994-இல் கொலையாளிக்குத் தண்டனை வாங்க முடிந்தது. ஆகவே விடுதலைத் தீர்ப்பு இருந்தால், கூண்டில் ஏற்றப்படாமலே தப்பியவர் யார் என்று தேடுங்கள். அவர்கள்மேல் இந்தத் தடை இல்லை.

கொங்குப் பக்கத்தில் பழைய வழக்கின் காகிதத்தைத் தேடும்போது பலரும் தவறான ஊரில் தேடுகிறார்கள். திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009-இல். அதற்கு முந்தைய அவிநாசி, பல்லடம், உடுமலைக் கோப்புகளுக்குக் கோவையிலும், தாராபுரம், காங்கயத்துக்கு ஈரோட்டிலும் கேட்க வேண்டும். 1997-க்கு முந்தைய திருச்செங்கோட்டு வழக்கென்றால் சேலம். தண்டவாளத்தில் கிடந்த உடலென்றால் உள்ளூர் நிலையத்தில் எதுவும் இருக்காது, ரயில்வே போலீஸில் கேளுங்கள். நிலையத்தில் எஃப்ஐஆரை அழித்திருந்தாலும் ஒரு பிரதி அன்றே மாஜிஸ்திரேட்டுக்குப் போயிருக்கும்; நகல் மனு போடுங்கள். ஆஸ்பத்திரியில் ஏஆர் காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), பிரேதப் பரிசோதனைப் பதிவேடு இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ‘விசாரணை பாதிக்கும்’ என்று தகவல் உரிமை மனுவைத் தட்டிக்கழித்தால், சம்பவம் நடந்து 20 வருசம் தாண்டியவற்றுக்கு அந்த விலக்கு செல்லாது என்று 8(3)-ஐக் காட்டி முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

சாட்சிதான் வழக்கின் உயிர். அன்றைக்குப் பார்த்தவர்கள் தோட்டத்துச் சாளையில் (குடிசையில்) குடியிருந்தார்கள். கூலியும் முன்பணமும் அந்தத் தோட்டக்காரர் கையில் இருந்தது. வாயைத் திறந்தால் மறுநாள் கூரை இருக்காது. இன்றைக்கு அவர்களோ அவர்கள் பிள்ளைகளோ பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், வாடகை வீட்டில் இருக்கிறார்கள். காலம் செய்திருக்கும் உதவி இதுதான், இதை விட்டுவிடக் கூடாது. எதிர்த்தரப்புக்குள்ளும் தேடுங்கள்: பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்டு போனவர், பிரிந்துபோன மனைவி. 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரத்துக் கறுப்பினத் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றவர்களில் ஒருவருக்கு 2002-இல் தண்டனை கிடைத்தபோது, அவருடைய முன்னாள் மனைவியும் பேத்தியும் சாட்சி சொன்னார்கள்.

சாட்சிகளை ஒரே வீட்டில் கூட்டிவைத்துப் பேசவே கூடாது. சொல்லிக்கொடுத்த சாட்சி என்று குறுக்கு விசாரணையில் உடைத்துவிடுவார்கள். தாமதத்துக்கான காரணத்தை முதல் வாக்குமூலத்திலேயே சொல்லிவிட வேண்டும்: யார் தோட்டம், எவ்வளவு கடன், யார் மிரட்டியது. காரணம் சொல்லாத தாமதம்தான் வழக்கைக் கொல்கிறது. பிறகு மாஜிஸ்திரேட் முன் பிஎன்எஸ்எஸ் 183-இன் கீழ் (பழைய 164) வாக்குமூலத்தைப் பதிவு செய்யுங்கள். சாட்சிப் பாதுகாப்பு மனுவையும் அதோடு கொடுத்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் சிலர் பிறழ்வார்கள். தலித் இளைஞர் கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கியச் சாட்சியே பிறழ்ந்தார். திருச்செங்கோட்டுக் கோயில் கேமரா பதிவு போன்ற சூழ்நிலைச் சாட்சியங்கள் வழக்கைத் தாங்கின.

குற்றப் பிரிவுகளைப் பொறுத்தவரை சம்பவ நாளில் இருந்த சட்டம்தான் பொருந்தும். கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 302, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் (பிஎன்எஸ்) 103 அல்ல. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 30.1.1990 முதல்தான் அமலில் இருக்கிறது; அதற்கு முந்தைய கொலையில் அதைச் சேர்த்தால் அந்தப் பிரிவு நிற்காது. 2016 ஜனவரிக்கு முந்தைய கொலையில் சாதி காரணமாகவே நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். இறந்தவர் பட்டியல் சாதி என்பது மட்டும் போதாது. கோயில் நுழைவு, டீக்கடைத் தனிக் குவளை, கூலித் தகராறு, காதல் என முந்தைய சச்சரவை ஆவணத்தோடு காட்டுங்கள். இறந்தவரின் சாதிச் சான்றோடு, குற்றஞ்சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்ல என்பதற்குத் தாசில்தார் சான்றும் வேண்டும். விசாரணை அதிகாரி டிஎஸ்பிக்குக் குறைந்தவரானால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

உள்ளூரில் சாட்சி சொல்ல முடியாத நிலை என்றால் வழக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்ற உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள். கோகுல்ராஜ் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்குப் போய்த்தான் 2022-இல் தீர்ப்பானது. நீங்கள் நம்பும் மூத்த வக்கீலைச் சிறப்பு அரசு வழக்கறிஞராகக் கேட்டு, வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 4(5)-ஐக் குறிப்பிட்டு, கலெக்டருக்குக் குடும்பத்தார் கையெழுத்தோடு மனுக் கொடுங்கள். சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.