பழைய ராணுவ ரைபிளைப் படம் எடுப்பது எப்படி: வேலூர் பக்கத்து ஆர்வலர்களுக்கு முதல் பாடம்

பட்டாளத்துக்குப் போய் வந்தவர் இல்லாத ஊரை வேலூர், குடியாத்தம் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய ராணுவத் துப்பாக்கி என்றால் இங்கே கண் விரிவது அதனால்தான். ஆனால் வீட்டில் சேர்க்க வேண்டியது படங்களை மட்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அதிலும் .303, 7.62 மி.மீ. ராணுவத் தோட்டா போடக்கூடிய ரைபிள்கள் தடை செய்யப்பட்ட வகை. சாதாரண உரிமத்தில் வராது. “சுடாத துப்பாக்கிதானே” என்பார்கள். சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் ஊசி ஒன்றை மாற்றினால் வெடிக்கும் என்றால் அது ஆயுதமே. காயலான் கடையில் கிடைத்தது என்ற கதை காவல் நிலையத்தில் எடுபடாது.

எங்கே எடுக்கலாம்? எழும்பூர் அருங்காட்சியகத்திலும் சென்னை கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்கள் உண்டு. காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். கல்லூரி என்.சி.சி. பிரிவுகளில் ‘டி.பி.’ என்று முத்திரை குத்திய, அணிவகுப்புக்கு மட்டுமான .303 இருக்கலாம். பொறுப்பு அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

படி 1: காலியா என்று பாருங்கள்

துப்பாக்கியை உங்கள் கையில் வாங்குவதற்கு முன், பொறுப்பாளரே மேகசினை (தோட்டா நிரப்பும் பெட்டி) கழற்றி, போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும், கைப்பிடி வைத்த இரும்புத் தண்டு) பின்னுக்கு இழுத்துத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே கண்ணால் பார்த்தால் போதாது, சுண்டுவிரலையும் விட்டுப் பாருங்கள். டி.பி. என்று குத்தியிருந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. சிலவற்றில் முத்திரை மட்டும்தான் இருக்கும், உள்ளே எதையும் அடைத்திருக்க மாட்டார்கள்.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகைக்கு வேறு சோதனை. ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் முட்டும் வரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய் விளிம்பில் நிற்கும்படி குழலின் மேல் படுக்க வையுங்கள். குச்சியின் நுனி, நெருப்பு உள்ளே போகும் துளை இருக்கும் இடம் வரை வர வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. கருமருந்து நூறு வருடம் கழித்தும் பற்றும். குத்தி எடுக்கப் பார்க்காமல் கீழே வைத்துவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

படி 2: நிற்க வையுங்கள்

தரையில் படுக்கப் போட்டு மேலிருந்து எடுப்பதுதான் ஆரம்பத்தில் எல்லாரும் செய்வது. கணக்கு உதைக்கும். .303 லீ என்ஃபீல்டு சுமார் 113 செ.மீ. நீளம். ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் முழுதும் அடங்கக் குறைந்தது 2.5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு உயரத்தில் கேமராவை எப்படிப் பிடிப்பீர்கள்? கிட்டே போய் 18 மி.மீ.யில் எடுத்தால் நேரான குழல் வில்லாக வளையும்.

அதனால் மேசை மேல் இரண்டு மரக்கட்டைகள் வையுங்கள். மேலே ‘வி’ வடிவில் வெட்டி, வெட்டில் கம்பளித் துண்டு ஒட்டியிருக்க வேண்டும். ஒன்று துப்பாக்கியின் குழலைத் தாங்கும் முன்கட்டைக்குக் கீழே, மற்றொன்று தோளில் வைக்கும் தோள்கட்டைக்குக் கீழே. மேகசின் கீழ்நோக்கி, குறிபார்க்கும் பகுதி மேல்நோக்கி நிற்கும். எடை சுமார் 4 கிலோ. விழுந்தால் கட்டை பிளக்கும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளிச் சாம்பல் நிறத் துணி. கறுப்புத் துணி வேண்டாம், இருண்ட குழலின் விளிம்பு அதில் கரைந்துவிடும்.

படி 3: வெளிச்சம்

நீலம் ஏற்றிய (துருவைத் தடுக்க மேற்பரப்பைக் கருநீலமாக்கிய) இரும்பு கண்ணாடி மாதிரி. எதிரே என்ன இருக்கிறதோ அதையே காட்டும், உங்கள் சட்டை உட்பட. ஃபிளாஷ் போட்டால் ஒரு வெள்ளைக் கோடும் சுற்றிலும் இருட்டும்தான் கிடைக்கும். வடக்குப் பார்த்த ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் கட்டை ஒரு பக்கம் பச்சையடிக்கும்.

போலரைசர் ஃபில்டர் மரத்தின் வார்னிஷ் பளபளப்பைக் குறைக்கும். வெற்று இரும்பின் பளபளப்பை அசைக்காது. அதை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம்.

டிரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 2 நொடி டைமர். ஷட்டர் அரை நொடி, ஒரு நொடி என்று இழுத்தாலும் பரவாயில்லை, துப்பாக்கி ஓடிவிடாது.

படி 4: முத்திரைகள்

முழுப் படம் அழகுக்கு. ஒரு ரைபிளின் வரலாறு முத்திரைகளில் இருக்கிறது, நேரத்தில் முக்கால்வாசியை இதற்கே கொடுங்கள்.

லீ என்ஃபீல்டில் போல்ட் கைப்பிடிக்குக் கீழே, தோள்கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தின் வலப்பக்கம் பாருங்கள். கிரீடம், அதன் கீழே ‘ஜி.ஆர்.ஐ.’, ‘இஷாப்பூர்’, ஆண்டு என்று இருந்தால் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் ஆட்சியில் செய்தது. ‘ஆர்.எஃப்.ஐ.’ என்றும் சிங்கமுகமும் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தையது. மேகசின் பட்டையாக, சதுரமாக இருந்தால் அது .303 ஆக இருக்காது. 1960களில் வந்த 7.62 மி.மீ. 2ஏ1 ரைபிளாக இருக்கலாம். பல இந்திய ரைபிள்களில் மேகசினுக்கு முன்னே முன்கட்டையைக் குறுக்காகத் துளைத்துப் போகும் ஒரு திருகு உண்டு, ‘இஷாப்பூர் திருகு’ என்பார்கள். அதற்குத் தனிப் படம் எடுங்கள்.

பிறகு வரிசை எண். போல்ட் கைப்பிடியின் பின்புறம், உடல் பகுதி, குழல், குழல் நுனியில் உள்ள இரும்பு முனைமூடி ஆகிய நான்கு இடத்திலும் எடுங்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இடையில் உறுப்பு மாறியிருக்கிறது.

தேய்ந்த எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது. அறையை இருட்டாக்கி, கைப்பேசி டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போல் 10, 15 டிகிரி சாய்வில் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். டார்ச் இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம். ஒன்றில் மறைந்த எழுத்துக் கோடு மற்றதில் எழும்பும். சாக்பீஸ் தேய்ப்பது, எலுமிச்சை, புளி, கம்பி நார் எதுவும் கூடாது. துருவோடு சேர்ந்து முத்திரையும் போய்விடும், நீலமும் திரும்ப வராது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் லென்ஸின் முன்னே மாட்டும் ரப்பர் வளையத்தை (ஹூட்) கண்ணாடியோடு ஒட்டி எடுங்கள், பிரதிபலிப்பு வராது. அங்கே பார்ப்பதையெல்லாம் ரைபிள் என்று எழுதிவிடாதீர்கள். குழலுக்குள் சுருள் மரை இருந்தால்தான் ரைபிள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் பிடித்திருந்தவை மரையில்லாத, சக்கிமுக்கிக் கல் வைத்த மஸ்கெட்டுகள்.

படி 5: கையும் கோப்பும்

கத்திரி வெயிலில் வியர்வை சொட்டும். அந்த உப்பு ஓரிரு நாளில் விரல் ரேகையைத் துருவாகப் பதித்துவிடும். பருத்திக் கையுறை வழுக்கும். மருந்துக்கடையில் விற்கும் நைட்ரைல் கையுறை போடுங்கள். முடிந்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துக் கொடுங்கள். எண்ணெய் போடுவதா வேண்டாமா என்பது வைத்திருப்பவர் முடிவு.

இணையத்தில் போடும் முன் படத்தில் உள்ள இடக்குறியை நீக்குங்கள். வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மறையுங்கள். துப்பாக்கி எந்த அறையில், எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டும் பின்னணி இருந்தால் அந்தப் படம் உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கட்டும்.