ஒரு சிறு பத்தியைக் கொண்டு ஆங்கிலம் கற்பது எப்படி?

ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்பவர்கள் பெரும்பாலும் வாக்கியம் அமைக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். சொல்லின் பொருள் தெரிந்திருக்கும். அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பது தெரிந்திருக்காது. அதைப் பத்திகளில்தான் பார்க்க முடியும்.

முதலில் பத்தியைத் தேர்ந்தெடுங்கள். நூறு சொற்களை எண்ணி, தெரியாதவற்றின் கீழ் பென்சிலால் கோடிடுங்கள். அகராதியின் துணையின்றி ஒரு பகுதி நன்கு புரிய வேண்டுமானால், அதில் ஏறத்தாழ 98 விழுக்காட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற ஆய்வாளர்களின் கணிப்பு. பயிற்சிக்குப் படிக்கையில் ஐந்து சொற்கள் வரை தெரியாமல் இருந்தாலும் பாதகமில்லை. பத்தைத் தாண்டினால் தயங்காமல் வேறு பத்திக்குப் போய்விடுங்கள். நாளிதழ்த் தலையங்கத்திலிருந்து தொடங்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட், அரிய சொற்களை நீக்கி, அடிக்கடி வழங்கும் சொற்களைக் கொண்டே மாணவர்களுக்கு வாசிப்பு நூல்களை எழுதினார்; 1953-இல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே இருந்தன.

எடுத்துக்காட்டாக இந்தச் சிறு பகுதியைப் பாருங்கள்: “எ மேன் பாட் அன் அம்ப்ரெல்லா ஆன் மண்டே. தி அம்ப்ரெல்லா லீக்ட். ஹி டுக் இட் பேக் டு தி ஷாப், பட் தி ஓனர் ரெஃப்யூஸ்ட் டு ரிட்டர்ன் தி மனி.”

முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள். குடை வாங்கியவர் அதைக் கடைக்குத் திரும்பக் கொண்டுபோகிறார் என்றால், ‘லீக்ட்’ என்பது அதில் நேர்ந்த ஏதோ ஒரு குறை என்று ஊகித்துவிடலாம். ஊகத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, அதன்பிறகு அகராதியில் ‘ஒழுகியது’ என்று உறுதி செய்யுங்கள்.

இரண்டாம் வாசிப்பு சொற்களுக்கானது. ‘ரெஃப்யூஸ் என்றால் மறு’ என்று மட்டும் எழுதிவைத்தால் அது பின்னர் காலை வாரிவிடும். ‘பணம் தர மறுத்தார்’, ‘குற்றச்சாட்டை மறுத்தார்’ என்று இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்திலோ முன்னதற்கு ‘ரெஃப்யூஸ்ட்’, பின்னதற்கு ‘டினைட்’. ஆகவே ‘ரெஃப்யூஸ்ட் டு ரிட்டர்ன்’ என்று, இடையில் வரும் ‘டு’வையும் சேர்த்து முழுத் தொடராகவே குறிப்பேட்டில் எழுதுங்கள். ‘மருந்து சாப்பிட்டேன்’ என்பதை ‘ஈட்’ போட்டு எழுதிவிட்டு விழிப்பதும் இதே சிக்கல்தான். அங்கே வர வேண்டியது ‘டேக்’.

மூன்றாம் வாசிப்பு இலக்கணத்துக்கானது. ஒரு வாசிப்பில் ஒரே ஒரு கூறை மட்டும் தேடுங்கள். இங்கே ‘எ’, ‘அன்’, ‘தி’ ஆகியவற்றை வட்டமிடுவோம். குடை முதன்முறை வரும்போது ‘அன் அம்ப்ரெல்லா’; அடுத்த வாக்கியத்திலேயே, எந்தக் குடை என்பது வாசகருக்குத் தெரிந்துவிட்டதால், ‘தி அம்ப்ரெல்லா’. அப்படியானால் முதன்முறையாக வரும் கடைக்காரர் ஏன் ‘தி ஓனர்’? கடை என்றதுமே அதற்கு ஓர் உரிமையாளர் உண்டு என்பது தானாகவே விளங்கிவிடுகிறது, அதனால்தான். விதியை மட்டும் படித்தவர்கள் சறுக்கும் இடம் இது.

நான்காவது வேலைதான் கடினமானது. பலரும் தவிர்ப்பதும் இதையே. பத்தியைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, மறுநாள் மூலத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்துக்குத் திருப்புங்கள். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்துக்குக் கல்வி புகட்டிய ரோஜர் ஆஸ்கம், 16-ஆம் நூற்றாண்டிலேயே இலத்தீன் கற்பதற்கு இம்முறையைப் பரிந்துரைத்தார். ‘திங்கட்கிழமை குடை வாங்கினார். குடை ஒழுகியது’ என்ற தமிழில் ‘ஆன்’ என்பதற்கோ ‘தி’ என்பதற்கோ எந்த அடையாளமும் இல்லை. ஆகவே நீங்கள் திருப்பி எழுதும்போது முதலில் விடுபடுபவை பெரும்பாலும் அவையாகத்தான் இருக்கும். மூலத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சிவப்பு மையால் சேருங்கள். ஒரு வாரம் கழித்து அதே தமிழ்ப் பத்தியை மீண்டும் ஆங்கிலமாக்கி, இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிவப்பு மை இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தால், அடுத்த பத்தியின் மூன்றாம் வாசிப்பில் அந்தக் கூறையே தேடுங்கள்.