ஹாங்காங்கில் மலிவாகக் கடல் உணவு: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஹாங்காங்கில் நல்ல மீன் சாப்பிடப் பெரிய ஹோட்டலைத் தேட வேண்டியதில்லை. பல சந்தைக் கட்டடங்களில் கீழே மீன், காய்கறி விற்பார்கள். மாடியில் சாப்பாட்டுக் கூடம் இருக்கும். தெருவோர ‘தாய் பாய் தோங்’ சாப்பாட்டுக் கடைகள் பலவற்றை அரசு இப்படித்தான் மாடியேற்றிவிட்டது. நார்த் பாயின்ட் பகுதியின் ஜாவா ரோடு சந்தை அப்படி ஓர் இடம். பிளாஸ்டிக் ஸ்டூல், மடக்கு மேஜை, காதைப் பிளக்கும் சத்தம். ஆனால் அடுப்படியில் நிற்பவர்கள் கை தேர்ந்தவர்கள்.

படி 1: ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள்

எல்லாத் தட்டும் மேஜை நடுவில்தான் வரும், பங்கிட்டுத்தான் சாப்பிட வேண்டும். நான்கு பேர் போனால் ஐந்து வகை ருசிக்கலாம், செலவும் பிரிந்துவிடும். கூட்டம் சேருமுன், மாலை 6 மணிவாக்கில் போய் உட்காருவது நல்லது.

படி 2: டீயில் கழுவுங்கள்

உட்கார்ந்ததும் பாலும் சர்க்கரையும் இல்லாத சுடு டீ வரும். முதலில் ஊற்றுவது குடிக்க அல்ல. கிண்ணத்தில் கோப்பையையும் கரண்டியையும் வைத்து, குச்சிகளின் நுனியும் நனையும்படி டீயை ஊற்றி ஒரு சுழற்று சுழற்றிக் கொட்டிவிடுங்கள். கொட்டுவதற்கென்றே ஒரு பேசின் தருவார்கள். டீக்குத் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். சில இடங்களில் கேட்காமலே வரும் வேர்க்கடலைக்கும் காசுதான். வேண்டாம் என்றால் உடனே திருப்பி அனுப்பலாம். டீ தீர்ந்தால் கூப்பிட வேண்டாம், பானையின் மூடியைச் சரித்து வையுங்கள்.

படி 3: விலையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

பர்ஸ் காலியாவது இங்கேதான். மெனுவில் மீனுக்கும் நண்டுக்கும் எதிரே எண் இல்லாமல் ‘அன்றைய விலை’ என்று மட்டும் போட்டிருக்கலாம். தொட்டியில் எழுதியிருக்கும் விலையும் கிலோவுக்கு அல்ல, ‘கேட்டி’க்கு, ஒரு கேட்டி சுமார் 600 கிராம். சில பலகைகளில் அதிலும் 16-இல் ஒரு பங்கான ‘டேல்’ கணக்கு இருக்கும், பார்க்க மலிவாகத் தெரியும். ஆகவே மீனைக் காட்டி, எடை போடச் சொல்லி, மொத்த விலையைக் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘கெய் தோ சின்?’ என்றால் எவ்வளவு என்று அர்த்தம். சாய் குங், லேய் யூ மூன் ஆகிய கடலோரப் பகுதிகளின் பக்கம் கடையில் மீன் வாங்கிப் பக்கத்து உணவகத்தில் சமைக்கக் கொடுப்பதானால், சமையல் கூலியையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

என் கணக்கு இதுதான்: உயிர் மீன் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் விலை போட்ட அயிட்டங்கள். பூண்டும் மிளகாயும் குவித்து வறுக்கிற ‘டைஃபூன் ஷெல்ட்டர்’ நண்டு அபார ருசி, விலையும் அப்படியே. அது அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

படி 4: என்ன சொல்லலாம்?

மீனை ஆவியில்தான் வேகவைக்கச் சொல்ல வேண்டும். ஒரு கேட்டி களவா மீன் வெந்து வர 10 நிமிடம் போதும். மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் நீளநீளமாகக் கிடக்கும். அதன் மேல் புகையப் புகையக் காய்ந்த எண்ணெயை ஊற்றிச் சுற்றிலும் சோயா சாஸ் விடுவார்கள். முள்ளையொட்டிய சதை லேசாக இளஞ்சிவப்பாக இருக்கும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதுதான் பக்குவம். அந்தச் சாஸைச் சோற்றில் விட்டுப் பிசைந்தால் வேறு குழம்பே வேண்டாம்.

காரம் தேடுகிற நாக்குக்குக் கருப்பு பீன்ஸும் மிளகாயும் போட்டு வதக்கிய மட்டி. அப்புறம் உப்பு மிளகுக் கணவாய் வறுவல், ஒரு தட்டு வள்ளைக்கீரை, வெள்ளைச் சோறு.

படி 5: சாப்பிடும்போது

மேல்பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டாதீர்கள். படகு கவிழும் என்று கடலோடிகள் அஞ்சுவார்கள். நடுமுள்ளைத் தூக்கிவிட்டு அடிச்சதையை எடுங்கள். இறாலைக் கையால் உரிக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

முடிந்ததும் ‘மாய் தான்’ என்றால் பில் வரும். மீனின் எடை முன்பு சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கார்டு வாங்காத கடைகளும் உண்டு, ரொக்கம் கையில் இருக்கட்டும்.