முழுமைத் திட்ட வரைவில் உங்கள் ஊரைத் தேடி ஆட்சேபணை எழுதுவது எப்படி?

எந்த நிலத்தில் வீடு வரலாம், எதில் ஆலை வரலாம், எது வேளாண்மைக்கே நிற்க வேண்டும் என்பதை முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. 2008-இல் ஒப்புதல் பெற்ற சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்துக்கு 2026-தான் இலக்கு ஆண்டு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 26-ஆம் பிரிவின்படி, வரைவு குறித்த அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியான பின், இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசத்துக்குள் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபணையோ ஆலோசனையோ தெரிவிக்கலாம். பட்டாதாரராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

வரைவு அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் மக்கள்தொகைக் கணிப்புகளிலேயே பாதி அவகாசம் கரைந்துவிடும். ஆகவே ஊரின் கிராம வரைபடம், சந்தேகமுள்ள புல எண்களின் (சர்வே எண்களின்) எல்லைகளைக் காட்டும் புலப்படம், ஒவ்வொரு புல எண்ணின் வகைப்பாட்டையும் குறிக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேடு ஆகிய மூன்றையும் முதலில் கையில் எடுத்துக்கொண்டு நேராக நிலப்பயன்பாட்டு வரைபடத்துக்குச் செல்லுங்கள்.

அங்கே தண்ணீரின் தடத்தைத் தொடர்ந்து பார்ப்பதே என் அனுபவத்தில் பயனுள்ள வழி. ஏரி பெரும்பாலும் நீல நிறத்தில் சரியாகவே இருக்கும். ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயும், ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலங்கலில் இருந்து வெளியேறும் உபரிநீர் செல்லும் ஓடையும்தான் தவறிப்போகும். கிராம வரைபடத்தில் கலங்கலில் விரல் வைத்து, ஓடை செல்லும் ஒவ்வொரு புல எண்ணையும் குறித்துக்கொண்டு, அதே எண்களுக்கு வரைவில் என்ன நிறம் தீட்டப்பட்டிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் ‘ஓடை’ என்று இருக்கும் எண், வரைவில் குடியிருப்பாக மாறியிருந்தால் அதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை. மழைக்காலத்தில் நீர் ஏறி நிற்கும் பட்டா நிலங்களுக்கு இத்தகைய பதிவு இராது என்பதால், தேதியிட்ட புகைப்படங்களைச் சேர்க்க வேண்டும். இப்படிப்பட்ட இடங்களைத் திட்டத்துக்குள்ளேயே காக்க முடியும்: பள்ளிக்கரணை சதுப்பு நிலம், செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, தென்சென்னைக் கடற்கரையோர நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி ஆகியவற்றை இரண்டாம் முழுமைத் திட்டம் தனியே வரையறுத்து, கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது.

மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), வண்டிப்பாதை போன்ற புறம்போக்குகளையும் இதே முறையில் சரிபார்க்கலாம்.

மனுவில் ஒரு பிரச்சினையை மட்டும் எழுதுங்கள். கிராமம், புல எண், உட்பிரிவு, தரையில் இன்றுள்ள நிலை, வரைவு காட்டும் வகைப்பாடு, நீங்கள் கோரும் வகைப்பாடு ஆகியவை ஒரே பக்கத்தில் அடங்கட்டும். ‘வளர்ச்சி என்ற பெயரில் விவசாயம் அழிகிறது’ என்று தொடங்கும் மனுக்கள் எவ்வளவு நியாயமானவையாக இருந்தாலும், வரைபடத்தைத் திருத்தும் அலுவலருக்கு எந்தக் கோட்டை நகர்த்துவது என்று சொல்வதில்லை. நேரில் கேட்கப்பட விரும்புவதாக மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். அவ்வாறு கோரியவர்களுக்கே விசாரணை வாய்ப்பு அளிக்கச் சட்டம் சொல்கிறது. ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அரசு ஒப்புதல் அளித்த பின், இறுதி வரைபடத்தில் அதே புல எண்களை மறுபடியும் பாருங்கள். சரியாக வந்திருந்தாலும், அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவின்கீழ் தனித்தனிப் புல எண்களுக்கு நிலப்பயன்பாட்டு மாற்றம் கோர முடியும் என்பதால், குறித்துவைத்த எண்களின் பட்டியலோடு நாளிதழ் அறிவிப்புகளையும் அரசிதழையும் தொடர்ந்து கவனித்துவர வேண்டும்.