தென்னாப்பிரிக்கா: பறிபோன நிலத்தைக் கோரும் மனு தேறுமா என்று பார்ப்பது எப்படி

முதலில் நிலம் பறிபோன தேதி. 1994-ஆம் ஆண்டின் நில உரிமை மீட்புச் சட்டம், 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனப்பாகுபாட்டுச் சட்டங்களாலோ நடைமுறைகளாலோ பறிக்கப்பட்ட நிலத்துக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு முந்தைய காலனியப் பறிப்புக்கு இதில் இடமில்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான்.

அடுத்தது மனு பதிவான நாள். கெடு 1998 டிசம்பர் 31. 2014-இல் நாடாளுமன்றம் மறுபடி வாய்ப்பளித்தது. 2016 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. இடையில் வந்த மனுக்கள் பழையவற்றுக்குப் பின்னால்தான் நிற்கும்.

உரிமைப் பத்திரம் இல்லையென்று கைவிட வேண்டாம். விளைச்சலில் பங்கு தந்து செய்த வாரச் சாகுபடியும், நிலத்தைப் பறிப்புக்கு முன் தொடர்ந்து 10 ஆண்டுக்குக் குறையாமல் அனுபவித்து வந்ததும்கூட இச்சட்டப்படி நில உரிமைதான். வாடகை ரசீது, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, பழைய வான்படம் என்று தேடுங்கள். நிலம் இழந்தவர் இறந்திருந்தால் நேரடி வாரிசென்று காட்டப் பிறப்பு, இறப்புச் சான்றுகள் வேண்டும்.

இம்மனுக்களை விசாரிக்கும் நில உரிமை மீட்பு ஆணையம் மனுவை ஏற்றால் அரசிதழில் அறிவிப்பு வரும். பண்ணைப் பெயரையும் எண்ணையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அறிவிப்புக்குப் பின், ஆணையத்துக்கு ஒரு மாத முன்னறிவிப்பு தராமல் உரிமையாளர் அந்த நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது.

திரும்பக் கேட்பது நிலமா, ஈடாகப் பணமா என்பதைக் குடும்பத்தார் முன்கூட்டியே பேசி எழுதி வைப்பது நல்லது. வாரிசுச் சண்டையில் முடங்கும் மனுக்கள் ஏராளம்.