வெள்ளை காக்காவா, வெள்ளை மைனாவா? முதல்ல கண்ணைப் பாருங்க

எங்கயாவது வெள்ளையா ஒரு காக்காவோ மைனாவோ தெரிஞ்சா உடனே எல்லாரும் "அல்பினோ"ன்னு போட்டுடறாங்க, ஆனா வெளியில நாம பாக்கறதுல உண்மையான அல்பினோ ரொம்ப கம்மி, ஏன்னா அதுக்கு மெலனினே (கருப்பு, பழுப்பு நிறம் தர்ற நிறமி) சுத்தமா இருக்காது, கண் பார்வை மோசமா இருக்கும், அதனால ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கறது கஷ்டம்.

கண்ணை ஜூம் பண்ணுங்க. ரோஸாவோ சிவப்பாவோ இருந்தா அல்பினோ. கண் வழக்கம்போல கருப்பா இருந்து இறகு மட்டும் வெள்ளைன்னா பெரும்பாலும் லூசிசம், அதாவது இறகுல நிறமி சேராம போற நிலை. அங்கங்க திட்டுத்திட்டா வெள்ளை இருந்தா அது அல்பினோ கிடையவே கிடையாது, வயசானதாலயோ சத்துக்குறைவாலயோ கூட அப்படி வரும். "பாதி அல்பினோ"ன்னு ஒண்ணும் இல்லைங்க!

எந்தப் பறவைன்னு தெரியலையா? கலரை மறந்துட்டு சைஸ், அலகு, நடை, குரல், கூட யாரு மேயறாங்கன்னு பாருங்க. மஞ்சளும் சிவப்பும் பல பறவைகள்ல மெலனின்ல இருந்து வர்றதில்ல, அதனால முழு வெள்ளை மைனாவுக்கும் அலகு, கால் எல்லாம் மஞ்சளாவே இருக்கும், செம்மீசைச் சின்னானுக்கு (ஒரு வகை புல்புல்) வாலடி சிவப்பு அப்படியே நிக்கும்.

போட்டோ எடுக்கறப்ப எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவு) கொஞ்சம் மைனஸ்ல வைங்க, இல்லன்னா வெள்ளை வெளிறிப்போய் ஒரு விவரமும் தெரியாது.

அப்புறம் இயல்பாவே வெள்ளையா இருக்கறதும் இருக்கு, அரசவால் ஈப்பிடிப்பான்ல வளர்ந்த ஆண் வெள்ளை உடம்பு, கருப்புத் தலை, நீள வாலோட வரும். மடையான்னு ஒரு கொக்கு, உக்காந்திருந்தா மண் கலரு, பறந்தா பளிச்சுன்னு வெள்ளை றெக்கை, புதுசா பாக்கறவங்க அதுல நல்லா ஏமாறுவாங்க.